வெர்லின் ஸ்டக்கியும் நாற்பது கார்களும்

வெர்லின் ஸ்டக்கிக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று இருந்ததற்கு எங்கள் ஊர்ப் பதிவேட்டில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள எங்கள் ஊரில் டிராக்டர் உதிரிபாகம் விற்றவர், நல்ல மனிதர். எங்கள் ஊர் டாக்டர் ஜுபைரி தன் கிளினிக்கை ஒட்டித் தொழுகைக் கூடம் கட்ட அனுமதி கேட்டார். நகரசபையின் 2016 ஏப்ரல் கூட்டத்தில் அதை எதிர்க்க முதலில் எழுந்தவர் வெர்லின்தான்.

எங்கள் ஊரில் யாரும் மதத்தை எதிர்க்க மாட்டார்கள். கார் நிறுத்த இடம் போதாது என்பார்கள்.

"நாப்பது கார் வரும். இடம் இருபதுக்குத்தான் இருக்கு. மத்தபடி டாக்டர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார் வெர்லின்.

இடம் குறைந்தால் அனுமதி கிடையாது, அதுதான் விதி. டாக்டரின் முகம் வாடியது. நகரசபை எழுத்தரான நான் பழைய கோப்பிலிருந்த ஒரு கடிதத்தைப் பிரித்து வாசித்தேன். பக்கத்து லூத்தரன் தேவாலயத்தின் முப்பது கார் இடங்களை, டாக்டரின் கிளினிக்கில் நடக்கும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வருவோர் எப்போதும் பயன்படுத்தலாம். தேதி 2001 அக்டோபர் 9, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சரியாக நான்கு வாரம். கையெழுத்து, தேவாலயப் பொறுப்பாளர் வெர்லின் ஸ்டக்கி.

"அது அப்போப்பா! அப்போ இருந்த ஜனாதிபதி இவங்க நல்லவங்கன்னு டிவில சொன்னாரு."

"இப்போ?" என்றார் டாக்டர்.

"இப்போ ஜனாதிபதியாக ஓட்டுக் கேக்குறவரு வேற மாதிரி சொல்றாரே, டாக்டர்."

"அப்போ அதுக்கடுத்து வர்றவரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டுக் கட்டட்டுமா, வெர்லின்?"

சபை சிரித்தது. கடிதம் ரத்தாகவில்லை என்பதால், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. முழங்கால் வலிக்கு வியாழக்கிழமை வரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வெர்லின் வெளியேறினார்.