அதே பதினொன்று

அதிர்வு அளக்கும் வேலைக்கு நான் முதன்முதலாகத் தனியாகப் போன இடம், பெங்களூரு பீன்யாவில் ஒரு வார்ப்படப் பட்டறை. கிரைண்டிங் ஷெட்டில் தூசியை இழுக்கும் ப்ளோயர் கிடுகிடுவென்று ஆடியதால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது ஓடாமல் உள்ளே யாரும் வேலை செய்ய முடியாது. தினக்கூலி ஆட்கள் மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வாசலில் நின்றார்கள்.

முதலாளி லோகநாதன் போனைக் கையில் பிடித்தபடியே பேசினார். "புது ப்ளோயர் வர ஒரு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் இவுங்களுக்கு வேலை கெடையாது. உங்களால முடியும்னா பாருங்க மேடம், இல்லன்னா இப்பவே ஆர்டர் போட்டுடறேன். ப்ளோயர் ஓடுறப்ப பேரிங் மேல அஞ்சு ரூபா காசு நட்டமா நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

பேரிங்கில் சென்சாரை வைத்து ஓட்டினேன். ஆட்டத்தின் அளவாக மீட்டர் பதினொன்று காட்டியது. மூன்றுக்குக் கீழே வர வேண்டும். நிறுத்திவிட்டு, ஆறு பிளேடுகளில் ஒன்றில் சோதனைக்காக ஒரு எடையை மாட்டி மறுபடி ஓட்டினேன்.

அதே பதினொன்று.

"இன்னா மேடம், போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதானா?" என்றவர் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"ஸ்வல்ப பொறுங்க சார்!"

அப்போதுதான் மீட்டரில் பதினொன்றுக்குக் கீழே காட்டியிருந்த கோணத்தைப் பார்த்தேன். முன்பு நாற்பது டிகிரி, இப்போது நூறு. மேக்னிட்யூட், அதாவது அந்தப் பதினொன்று, ஆட்டம் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் என்று அதைக் கேட்டுப் பயனில்லை. ஆட்டத்தின் அளவு அப்படியே இருக்க, பக்கம் மாறியிருந்தது. என் எடை சும்மா இருக்கவில்லை.

காகிதத்தில் ஒரே புள்ளியிலிருந்து, அந்த இரண்டு கோணங்களிலும், சம நீளத்தில் இரண்டு அம்புகள் வரைந்து நுனிகளை இணைத்தேன். அந்த இணைப்புக் கோடுதான் என் எடை தனியாகக் கொடுத்த ஆட்டம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வந்தது. பழைய ஆட்டமும் அதுவும் ஒரே அளவு! ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிறுத்தினால் இரண்டும் அடங்கிவிடும். அதற்கு எடையை அறுபது டிகிரி நகர்த்தினால் போதும். வட்டத்தில் ஆறு பிளேடு என்பதால், அதாவது ஒரே ஒரு பிளேடு.

அடுத்த பிளேடுக்கு மாற்றி ஓட்டினேன். மீட்டர் ஒன்றரையில் நின்றது. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லோகநாதன் ஐந்து ரூபாய்க் காசைப் பேரிங் மேல் நிறுத்தினார். விழவில்லை. வாசலைப் பார்த்துக் கத்தினார்: "மாஸ்க்கப் போட்டுக்கினு உள்ள வாங்கப்பா!"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எண் அசையவில்லையே என்று கருவியை மூட்டை கட்டிவிடாதீர்கள். கோணத்தையும் பாருங்கள்.

டீ குடித்துவிட்டு நான் கிளம்பும்போதும், உள்ளே கிரைண்டர்கள் அலற, அந்தக் காசு நின்றுகொண்டுதான் இருந்தது.