இருக்கன்குடியில் மூன்று முறை கட்டிய பூ

ஷேர் பற்றி எழுதுகிறவர்கள் படித்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராது. அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் விளங்காத ஒன்று, எழுதிப் பார்த்தால் விளங்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் அடுக்குவது என் வேலை. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியம் வெளியே வரும்போது கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, தான் வாங்கிய ஷேரின் விலையைப் போனில் காட்டுவார். ஒரு வாரம் தினமும் ஏறியது. அடுத்த வாரம் நானும் வாங்கினேன். மகளின் நர்சிங் படிப்புக்கு இரண்டாம் வருஷ ஃபீஸ் கட்ட வைத்திருந்த எண்பதாயிரம் முழுவதும் அதில் போனது. லாரி ஓட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஏறினதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அது இறங்கத் தொடங்கியது. அக்கா விற்றுவிட்டார். எனக்குக் கை வரவில்லை. தீபாவளிக்குப் போகாத பெட்டி அடுத்த சீசனுக்குப் போகுமே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். மதியம் தூக்குவாளியைத் திறக்குமுன் போனைப் பார்ப்பேன். இறங்கியிருந்தால் சோறு இறங்காது. கொஞ்சம் ஏறியிருந்தாலும், இன்னும் ஏறட்டும் என்று விற்க மாட்டேன். ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வந்து நின்றபோது ஃபீஸ் கட்ட மூன்று நாள்தான் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விஷயம் தெரிந்த ஒரே ஆளான என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனேன், மாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்க்க. செவ்வரளி வந்தால் விற்பது, மல்லிகை வந்தால் வைத்திருப்பது. இரண்டையும் அவள் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் குலுக்கிப் போட்டாள். நான் கண்ணை மூடி எடுத்தேன். செவ்வரளி.

“சரியாக் குலுக்கலையோ?”

“நல்லாத்தான் குலுக்குனேன் மதினி.”

“இன்னொரு தடவ போடு.”

மறுபடியும் செவ்வரளி.

“நான் மனசுல ஒழுங்காக் கேக்கல. இன்னும் ஒரே தடவ.”

“காய்காரிகிட்ட ஒத்த ரூவா கொறச்சுக் கேக்க வாய் வராது. ஆத்தாகிட்ட மட்டும் எம்புட்டுப் பேரம் பேசுறீக!”

மூன்றாவது தடவை மல்லிகை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது. கடையில் நாலு இட்லி சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் என் பக்கம் குனிந்தாள்.

“வையாதீக மதினி. கடைசித் தடவ ரெண்டுலயும் மல்லிதான் வச்சேன்.”

“ஏன்டி?”

“பின்ன? செகப்பு வந்திருந்தா நாலாவது கேப்பீக. பொழுது அடையுற வரைக்கும் கட்டிக்கிட்டே இருக்கவா?” கொஞ்ச நேரம் கழித்து, “வாங்கையில ஆத்தாகிட்டக் கேட்டீகளா?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப விக்க மட்டும் என்னத்துக்கு?”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இரண்டு முறை வந்த பதிலை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை, பொய்யாக வந்ததற்கு அழுதிருக்கிறேன். அதற்குள் இன்னொரு நினைப்பு: இவளை இரண்டிலும் மல்லிகை வைக்கச் சொன்னதே ஆத்தாதானோ? அப்படியானால் வைத்திருக்கத்தானே வேண்டும்? இதைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு விற்றபின் விலை ஏறிவிடும் என்று பயமா, வீட்டுக்காரரிடம் சொல்லப் பயமா? இறங்கும் ஊர் வரும்வரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது. விலை வெள்ளிக்கிழமையைவிட இரண்டு ரூபாய் குறைவு. எல்லாவற்றையும் விற்றேன். மதியம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, லாரி முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கப் போனார்.