அரை மணி நேரத்துக்குத்தானே

மூத்தவள் கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாகக் காண்டாக்ட் லென்ஸ் விற்கிறாள். "கையைக் கழுவித் துடைச்சிட்டுத் தொடுங்க. லென்ஸ்ல குழாய்த் தண்ணி படவே கூடாது" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள், காது கொடுக்காதவர்களிடம் எரிந்து விழுவாள்.

போன வாரம் தங்கை லென்ஸைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கடையிலிருந்து லென்ஸ் ஊறவைக்கும் சொல்யூஷன் வாங்கிவர மூத்தவள் மறந்திருந்தாள். அரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று டப்பாவில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து லென்ஸைப் போட்டாள். தங்கையிடம் மூச்சுவிடவில்லை.

இன்று தங்கையின் இடது கண் சிவந்து வீங்கியிருந்தது. விளக்கடித்துப் பார்த்த கண் டாக்டர், "லென்ஸ்ல தண்ணி பட்டுச்சா?" என்றார்.

"சான்ஸே இல்ல டாக்டர். எல்லாம் எங்க அக்காதான் பாத்துக்கறா" என்றாள் தங்கை, பெருமையாக.

"பட்டுச்சு டாக்டர்" என்றாள் மூத்தவள்.

தங்கை நல்ல கண்ணால் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.