லேப்டாப் எடைக்கு அரிசி

செங்கம் சாலையில் ஒரு மாடியில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு இருபத்திரண்டு படிகள். பதினோராவது படியில் ஒரு திருப்பம். அந்த இடத்தில் கைப்பிடிக் கம்பி கிடையாது. 2008 கோடையில் என் மனைவி அந்தத் திருப்பத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க. நான் இனிமே வரல" என்றாள். குரலில் கோபமில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல இருந்தது.

அதற்கு முன் மூன்று வருடங்கள், வாரத்தில் மூன்று நாள், நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் அங்கே போவோம். நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். ஓய்வு பெற்றபின் எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு மனுக்கள் தட்டச்சு செய்து தரும் வேலையை ஏற்றுக்கொண்டேன். நான் தட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சென்டர்காரர் பக்கத்துக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட்டைத் திறந்துவிட்டார். ஆறே மாதத்தில் சீட்டு, கலர் பந்து உடைப்பது, கார் ரேஸ் மூன்றும் அவள் கைக்கு வந்துவிட்டன. வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாதவள், கார் திரும்பும்போதெல்லாம் தன் உடம்பையும் சேர்த்துச் சாய்ப்பாள். ஒரு மனு முடிவதற்குள் நான் நான்கு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பேன்.

படியேறுவது நின்றபின் என்னிடம் நிஜச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள். கட்டிலில் ஏழு வரிசையாகப் பரப்பித் தனியாக ஆடினாள். மின்விசிறி ஓடினால் சீட்டு பறக்கும். ஆகவே அதை நிறுத்திவிட்டு ஆடுவாள். எங்கள் ஊர்க் கோடையில் இது என்ன காரியம் என்பது இங்கே ஒரு மே மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ஊரை ஒட்டி நிற்கும் மலை சாயங்காலத்தில்தான் திருப்பிக் கொடுக்கும். நான் மனுவேலை முடித்து வியர்வையோடு வீட்டுக்கு வந்தால், வெளியிலேயே போகாத அவள் எனக்கு மேல் நனைந்திருப்பாள். ஒருநாள் கதவருகே நின்று, ஒரு ஆட்டம் முடியும்வரை கடிகாரத்தைப் பார்த்தேன். பதினேழு நிமிடம், பொட்டுக் காற்றில்லாமல். அடுத்த கோடைக்குள் ஒரு லேப்டாப் வாங்கிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மேஜைக் கம்ப்யூட்டர் சரிப்படாது. அவளால் நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு வெகுநேரம் உட்கார முடியாது. தவிர, அப்போது தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. லேப்டாப் என்றால் கட்டிலில் அவள் விளையாடலாம். சங்க அலுவலகத்துக்கு நான் எடுத்துப்போய் அங்கேயே மனுக்களைத் தட்டலாம். ஒரே பொருளில் இரண்டு காரியம்.

முடிவு செய்வது எனக்குச் சுலபம். வாங்குவதுதான் கஷ்டம். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினேன். இருபத்தாறு வந்தன. ரேம் ஒரு ஜிபியா, இரண்டா? திரை எத்தனை அங்குலம்? பேட்டரி எத்தனை மணி நேரம்? கீபோர்டில் எழுத்துத் தேய்ந்துபோன சாவியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா? ஜூனிலிருந்து ஜனவரிக்குள் தேரடித் தெருவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு ஒன்பது முறை போனேன்.

"கேம் யாருக்கு சார்?" என்று முதல் நாளே கேட்டார் கடைக்காரர்.

"வீட்ல பசங்களுக்கு" என்றேன். அறுபத்தொரு வயதுப் பெண்மணிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பசங்கன்னா தனியா கிராபிக்ஸ் கார்டு வச்சதா பாருங்க. ஆனா ரேட்டு ஜாஸ்தி."

"சீட்டு, கலர் பந்து, அப்புறம் ஒரு பழைய கார் ரேஸ். அவ்ளோதாங்க."

"அதுக்கு அந்தக் கார்டே தேவையில்ல சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன பசங்க சார் அது, சீட்டாடறது?" என்றார்.

ஒன்பதாவது முறை போனபோது இரண்டே மிஞ்சின. இரண்டும் என் சக்திக்கு உட்பட்டவை. ஒன்று பத்து அங்குலத் திரை உள்ள சிறியது. ஒன்றேகால் கிலோதான், பேட்டரி ஐந்து மணி நேரம் வரும் என்றார். ஆனால் அதில் கார் ரேஸ் திக்கித் திக்கித்தான் ஓடியது. இன்னொன்று பதினைந்து அங்குலம். கார் வழுக்கிக்கொண்டு போனது. பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சார்ஜரோடு சேர்த்து எடை இரண்டேமுக்கால் கிலோ. சங்க அலுவலகம் வேங்கிக்காலில். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுத் தோள் அந்த எடையைத் தாங்குமா என்பது என் தாளில் ஒன்பதாவது கேள்வி. அதற்குக் கடைக்காரரிடம் பதில் கிடைக்காது.

ஆகவே மளிகைக் கடையில் இரண்டேமுக்கால் கிலோ புழுங்கலரிசியை நிறுத்து வாங்கி, ஒரு துணிப்பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிரிவலம் கிளம்பினேன். வாராவாரம் வியாழக்கிழமை காலையில் எப்படியும் போகிறவன்தான். பதினாலு கிலோமீட்டர் தாங்கிவிட்டால் வேங்கிக்கால் ஒரு தூரமா? இந்த வாரம் பெரிய எடை, அடுத்த வாரம் சிறிய எடை என்று திட்டம்.

"லேப்டாப்புக்கு ஜாதகம் மட்டும்தான் இன்னும் பாக்கல" என்றாள் மனைவி, கதவைச் சாத்தும்போது.

பௌர்ணமி இல்லாததால் பாதையில் கூட்டமில்லை. அடி அண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் ஏழு தடவை தோள் மாற்றினேன். அங்கே ஒரு சிறு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து, அரிசி சிந்துகிறதா என்று பார்க்கப் பையின் வாயைப் பிரித்தேன். அதுதான் நான் செய்த தவறு. எதிரே மரத்தடியில் இருந்த சாது எழுந்து வந்தார். கையில் பாத்திரம்.

"அரிசியா சாமி?"

"ஆமா. இல்ல, இது வந்து... ஒரு கணக்குக்காக எடுத்துட்டு வந்தது."

"எல்லாமே அவன் கணக்குதானே சாமி" என்று மலையைப் பார்த்தபடியே பாத்திரத்தை நீட்டினார்.

கிரிவலப் பாதையில் ஒருவர் அரிசிப்பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது லேப்டாப் என்று நான் யாரிடம் விளக்குவது? அவருக்கு இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் போட்டு நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. ஒருவருக்குப் போட்டுவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பதினெட்டுப் பேர். கடைசி ஆளுக்குப் பையைத் தலைகீழாக உதறினேன். "போதும், போதும், நல்லா இருங்க" என்று அவரே என்னைத் தேற்றினார். மீதித் தூரத்தை வெறும் பையோடு நடந்தேன். தோளில் வலியே இல்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்குச் சுற்றியதுபோல நிம்மதியாக நான் அதிகம் சுற்றியதில்லை.

"என்ன, தாங்குச்சா?" என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, அத தூக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்றாள்.

"சங்கத்துக்குத்தான். வாரத்துல மூணு நாள்."

"அந்த மூணு நாளும் நான்?"

வெறும் பையை நான்காக மடித்தேன்.

"அப்ப நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் பழையபடி ஃபேன ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கணும். அதானே?"

உள்ளே போய்த் தாளை எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு கேள்விகளில் இது இல்லை. சுலபமாகத் தூக்க முடிகிற லேப்டாப் வீட்டில் நிற்காது. அது என்னோடு வெளியே போய்விடும். அவளுக்குப் பழையபடி கட்டிலும் சீட்டுக்கட்டும்தான். எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது எனக்கான லேப்டாப்பை. அதற்கு அவள் விளையாட்டைச் சாக்காக வைத்திருந்தேன்.

மறுநாள் அவளை ஆட்டோவில் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரே ஒரு படிதான். இரண்டு லேப்டாப்பையும் அவள் முன்னால் திறந்து வைத்தார் கடைக்காரர். சிறியதில் சீட்டைத் திறந்து மூக்குவரைக்கும் குனிந்தாள். "இதுல ஸ்பேடும் கிளாவரும் ஒண்ணாட்டம் தெரியுதுங்க" என்று ஒதுக்கிவிட்டாள். பெரியதில் கார் ரேஸ். முதல் திருப்பத்தில் ஸ்டூலோடு சாய்ந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அம்மாதான் அந்தப் பசங்களா சார்?"

"எந்தப் பசங்க?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் மேற்கூரையில் டியூப்லைட் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு.

பெரியதையே வாங்கினோம். சங்கத்தில், இனிமேல் மனு எழுத வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். திங்கள், புதன், வெள்ளி காலை பத்து முதல் பதினொன்றரை வரை எனக்கு. மற்ற நேரமெல்லாம் அவளுக்கு. இந்த ஏற்பாடு ஒரு வாரம்தான் ஒழுங்காக நடந்தது. பத்து மணிக்கு அவள் ஆட்டம் பாதியில் இருக்கும். மனுவோடு வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், தன் நிலுவைத்தொகை மனுவை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தச் செவப்பு எட்டைக் கருப்பு ஒம்போதுமேல வைங்கம்மா" என்று எட்டிப்பார்த்துச் சொல்வார்.

"உங்க மனுவுல நான் வந்து வார்த்தை சொல்றனா?" என்பாள் அவள். பிறகு அதையே வைப்பாள்.

லேப்டாப்பின் அடிப்பாகம் சூடாகும். அது என் தாளில் பதினெட்டாவது கேள்வி, கேட்க மறந்திருந்தேன். சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். பேட்டரி இரண்டு மணி பத்து நிமிடம் வந்தது. மூன்று நாள் நேரம் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மின்வெட்டு இரண்டு மணி நேரம். அந்தக் கோடை முழுவதும் மின்விசிறி ஐந்தாம் எண்ணில் ஓட, ஒரு சீட்டுகூடப் பறக்காமல் அவள் ஆடினாள். கரண்ட் போனபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து மனுக் கோப்பால் விசிறினேன்.

"கொஞ்சம் கம்மியா வீசுங்க, முடி கண்ணுல விழுது" என்றாள், காரைத் திருப்பிக்கொண்டே. கம்மியாக வீசினேன்.