போயிருக்காங்க

சின்னசேலத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு காலனி. அங்கே நாற்று நடும் பெண்கள் எந்த வயலுக்கு எத்தனை பேர் என்று இருசம்மாளைத்தான் கேட்பார்கள். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். அதற்குப் பிறகு ஒரு வேலை தானாக அவளிடம் வந்து சேர்ந்தது: காலனிக்காரர்களை ஓட்டுப் போட வைப்பது.

லேசான வேலை இல்லை அது. ஊருக்குள் இருக்கும் வாக்குச்சாவடிக்குப் போனால், "உன் ஓட்டப் போட்டாச்சு, போ" என்று திருப்பி அனுப்பிய தேர்தல்கள் உண்டு. அவமானப்பட்டவர்கள் அடுத்த முறை போகவில்லை. ஓட்டுப் போடாத தெருவுக்குத் தண்ணீர்க் குழாயும் வரவில்லை. இனி எல்லோரும் ஒரே கூட்டமாகப் போவோம் என்று ஐந்து வருடம் வீடு வீடாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

அந்தத் தை மாதம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். விரல் வைத்துப் படித்தாள். காலனியில் பதினேழு பேர். பதினாறு பேருக்கு நேரே 'குடியிருப்பு மாறியவர்'. மாயவனுக்கு நேரே 'இறந்தவர்'. அத்தனை பேரும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக வீடு வீடாகக் கணக்கெடுத்தவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் அரங்கநாதன்.

"மாயவன் மாமா செத்துட்டாருன்னு யார் சார் சொன்னது?"

"நீதாம்மா சொன்ன."

"நானா?"

"பூட்டின வீட்டுக்கெல்லாம் உன்னைத்தானே கேட்டேன். 'இல்லீங்க, போய்ட்டாங்க'ன்னு சொன்ன. சின்ன வயசுக்காரங்கள, ஊரை விட்டுப் போனவங்கன்னு எழுதினேன். மாயவனுக்கு அறுபத்தெட்டு வயசு. 'அவரும் போய்ட்டாரு'ன்னா வேற என்னன்னு எழுதறது?"

அவர் இன்னொரு வீட்டில் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. ஆனாலும் வார்த்தை அவளுடையது. போயிருக்கிறவன் திரும்பி வருவான். போய்விட்டவனைப் பட்டியலில் யாரும் தேட மாட்டார்கள். சொந்த வீட்டில் வருடம் முழுவதும் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை.

விசாரணை சனிக்கிழமை. ஆள் நேரில் வர வேண்டும். இல்லையென்றால் இந்தத் தேர்தலுக்குப் பெயர் கிடையாது. அப்புறம் அவள் பேச்சை யாரும் கேட்கப்போவதும் இல்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள்.

கரும்புக் காட்டில் முதலில் எதிர்ப்பட்டவள் பக்கத்து வீட்டுத் தைலம்மாள்.

"வாடி ஓட்டுக்காரி. எங்கள ஒட்டுக்கா அனுப்பி வெச்சிட்டியாமே?"

"வாய் தவறிடுச்சிக்கா."

"வாய் உன்னுது, போனது எங்க பேரு. நல்லா கீதுடி நாயம்."

மாயவன் சிரித்தார். "எனக்குக் காரியம் பண்ணியா, இல்ல சும்மா வுட்டுட்டியா?"

மேஸ்திரி பச்சமுத்து சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு லாரி நெரம்பணும். நெரம்பினா போங்க. வெட்டின கரும்பு காஞ்சா ஆலையில எடுக்க மாட்டான்."

இருசம்மாள் அங்கேயே தங்கி ஒரு கத்தியை வாங்கிக்கொண்டாள். கரும்பு வெட்டிப் பழக்கமில்லை. காய்ந்த இலைச் சோகை இரண்டு கையையும் கீறியது.

"அடியே, நாத்தா நட்டுக்கினு கீற? தரையோட வெட்டுடி!" என்று தைலம்மாள் மூன்று நாளும் கத்தினாள்.

வெள்ளி சாயங்காலம் ஒரு லாரி நிரம்பியிருந்தது. இன்னொன்றில் கால் பங்கு காலி. மூன்று பேராவது இருந்தே ஆக வேண்டும் என்றார் பச்சமுத்து. கடைசியில் தைலம்மாள், "நான் இருக்கறேன். நான் இன்னா செத்தா பூட்டேன், எடம்தானே மாறிட்டேன்? கெழவன மொதல்ல இட்டுக்கினு போ" என்றாள். அவளோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

சனிக்கிழமை அதிகாரி பட்டியலையும் மாயவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் மாயவன்னு எப்படி நம்பறது?"

மாயவன் வாக்காளர் அட்டையோடு மடியிலிருந்த பஸ் டிக்கெட்டையும் எடுத்து நீட்டினார். "பொணத்துக்கு டிக்கெட் குடுக்க மாட்டாங்களேங்க."

பதினான்கு பெயர்கள் திரும்ப வந்தன. தேர்தல் அன்று காலனி ஒரே கூட்டமாகப் போனது. உன் ஓட்டைப் போட்டாச்சு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தைலம்மாளும் கூட நடந்து வந்து, வாக்குச்சாவடி வாசலில் கயிறு கட்டிய இடத்தோடு நின்றுவிட்டாள். உள்ளே போகும்போது இருசம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கு அரங்கநாதன் வந்தபோதும் தைலம்மாள் வீடு பூட்டியிருந்தது. அவர் நேராக இருசம்மாளிடம் வந்தார்.

"எப்ப வருவாங்க?"

போன முறை அவர் கேட்காத கேள்வி.

"மாசியில வந்துருவாங்க சார். கரும்பு வெட்டப் போயிருக்காங்க."

அவர் எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

"சார், எழுதினதக் கொஞ்சம் காட்டுங்க."

நோட்டைத் திருப்பிப் பிடித்தார். இருசம்மாள் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசிவரை படித்தாள்.