எஸ்தர் பேரை எழுதிப் போட்ட ஜெபச் சீட்டு

2007-இல் எங்கள் வீட்டில் மூணாவது தடவையும் கரு கலைந்தது. மருமகள் எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை. குரோம்பேட்டை சபைக்குப் போய் ஜெபப் பெட்டியில் வழக்கம்போலச் சீட்டு போட்டேன். ‘எஸ்தரின் கர்ப்பப்பை பலப்பட.’

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. சீட்டு மட்டும் எழுதுவேன். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டரம்மா அதைச் சத்தமாக வாசிப்பார்கள். எல்லோரும் எஸ்தரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அத்தை, ஊருக்கே தெரியணுமா?” என்று அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எஸ்தர் கேட்டாள்.

“ஜெபத்துக்குத்தானேம்மா” என்றேன்.

மறுநாள் பள்ளிக்கரணையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வருவாளா என்றே தெரியவில்லை.

கொஞ்ச நாளில் டாக்டரம்மா பரிசோதனை முடிவைச் சொல்ல என் மகன் டேவிட்டை வரச் சொன்னார். நானும் போனேன். கலைந்த கருவில் குரோமோசோம் ஒன்று கூடுதலாம். டேவிட்டின் விந்தணுவுக்குள் இருக்கிற டிஎன்ஏ நிறைய உடைந்திருக்கிறதாம்.

“அப்போ என் மருமகளுக்கு?”

“அவங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. இதனாலதான் கலைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சம்பந்தம் இருக்கலாம். இவர் சிகரெட்டை விடணும். கம்பெனியில உலைச் சூட்டுல நிக்கிற வேலையையும் மாத்தணும்.”

சிகரெட்டா? எனக்குத் தெரியவே தெரியாது. டேவிட் வெளியே வந்து, “சபையில சொல்லிடாதீங்கம்மா” என்றான்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவன் மானத்தைக் காப்பாத்தணும். அவள் பேரை மட்டும் மூணு வருஷம் வாசிக்க வைத்தேனே!

அழுதேன். “ஆண்டவரே, பிள்ளை அப்புறம். அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவாரும். என் வாயைத் திறவும்” என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மா நான் முன்னமே போட்டிருந்த சீட்டைப் பிரித்தார்கள். எப்படி எழுந்தேனோ தெரியாது. “அதைக் கிழிச்சிடுங்க. என் மருமகளுக்கு ஒரு குறையும் இல்ல. தப்பா எழுதினது நான்.”

“அக்காவுக்குப் பேசக்கூட வருமா!” என்று பின்னால் ஒரு குரல். உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிறு காலையில் எஸ்தர் பையோடு வாசலில் நின்றாள். யார் சொன்னார்களோ.

“நெஜமாவே எழுந்து நின்னீங்களா அத்தை?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

டேவிட் சிகரெட்டை விட்டான். அதே கம்பெனியில் ஸ்டோர் வேலைக்கு மாறினான். மறுபடி கரு தங்கியபோது, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். 2009-இல் பெண் குழந்தை பிறந்தது. ஸ்தோத்திரம். இதை எழுதச் சொன்னதே டேவிட்தான்.

சகோதரிகளே, மருமகள் பேரைச் சீட்டில் எழுதுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வாய் வரவில்லையா? அதற்காக ஜெபியுங்கள். எனக்கே வாயைத் திறந்தவர், உங்களுக்குத் திறக்கமாட்டாரா?