பச்சை காட்டாத விளக்கு

எண்பதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்த ஷெட்டில், கோடைக்கால மோர் கேஸில்தான் குளிர்ந்தது. கடைகளில் கலர் பாட்டில்களைக் குளிர வைக்கும் பெட்டிகளைச் செய்கிற ஷெட் அது. பெட்டிக்குள் அடைக்கும் கேஸ் ஆள் உயரச் சிலிண்டர்களில் வரும். சாப்பாட்டு மணி அடித்ததும் யாராவது ஒருவர் மோர்ப் பானையைச் சிலிண்டரின் வாய்க்கு நேராக வைத்து வால்வைத் திருகுவார். புஸ்ஸென்று சத்தம் வரும், பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். சட்டையில் ஒட்டிய இரும்புத்தூளை ஊதுவதற்கும் அதே கேஸ்தான். வேர்க்குருவுக்கு நல்லது என்று முதுகில் அடித்துக்கொண்டு, குளிரில் தோல் வெந்து ஒரு வாரம் குப்புறப் படுத்திருந்தவரும் உண்டு.

எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. வானத்தைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை? சிலிண்டரின் எடை குறைகிறதே என்பதுதான் என் கவலை. நான் எதையும் எண்ணுகிறவன். கேண்டீன் தட்டில் விழும் இட்லியை, பஸ்ஸில் எனக்கு முன்னால் நிற்கும் தலைகளை, மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணி வைத்திருந்தேன். "கம்பி கூடவும் போறதில்லை, குறையவும் போறதில்லை" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

தொண்ணூறுகளில் டெல்லியிலிருந்து விதி வந்தது. மேனேஜர் எங்களையெல்லாம் கூட்டி வைத்து விளக்கினார். நாம் புஸ்ஸென்று விடுகிற கேஸ் மேலே மேலே போய் வெயிலில் உடைகிறது. அதிலிருக்கும் குளோரின் ஓசோனைத் தின்கிறது. அதனால் இந்த கேஸைப் படிப்படியாக நிறுத்திவிட்டுக் குளோரின் இல்லாத புது கேஸுக்கு மாற வேண்டும். அதுவரைக்கும் சும்மா வெளியே விடவே கூடாது.

"வானத்துல ஓட்டையா? எங்க ஊட்டு கூரையில நாலு வருசமா ஓட்ட கீது சார். டெல்லிலேர்ந்து எவனும் வந்து எட்டிப் பாக்கல" என்றார், பெட்டிகளில் கசிவு பார்க்கும் வேலையிலிருந்தவர்.

கேஸ் அடிப்பவர் கையைத் தூக்கினார். பூந்தமல்லிக்காரர். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். "அப்ப மோரு?" என்று கேட்டார்.

"பானையில ஈரத்துணியைச் சுத்துங்க" என்றார் மேனேஜர். விதி எங்கள் ஷெட்டில் முதலில் பிடித்தது மோரைத்தான்.

கசிவு பார்க்கிறவரின் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்கு அடக்கமான விளக்கு. உள்ளே ஒரு செப்புத் தகடு, அதன்மேல் நீலமாக எரியும் தீ. பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் நீண்டிருக்கும். அதன் முனையைப் பெட்டியின் ஒவ்வொரு இணைப்பிலும் காட்டிக்கொண்டே போவார். கேஸ் எங்காவது கசிந்தால் குழாய் அதை உறிஞ்சும், தீ பச்சையாகும். பச்சை என்றால் மறுபேச்சுக் கிடையாது. அந்த இணைப்பைப் பற்றவைத்தவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் பற்றவைக்க வேண்டும். மேனேஜர் சொல்லுக்குக்கூட எதிர்ச்சொல் சொல்கிறவர்கள் அந்த விளக்குக்குச் சொன்னதில்லை. ஆயுத பூஜையன்று ஷெட்டில் முதல் சந்தனப் பொட்டு அதற்குத்தான்.

புது கேஸ் சோதனைக்கு வந்தது. டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து, எவ்வளவு கேஸ் வந்தது, பெட்டிக்குள் எவ்வளவு போனது, வீணானது எவ்வளவு என்று பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் புது மெஷின்கள் வாங்கப் பண உதவி. எடை பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இத்தனை காலம் ஜன்னல் கம்பி எண்ணியவனுக்கு ஒரு தராசைக் கொடுத்து, எண்ணுவதே உன் வேலை என்றால் எப்படி இருக்கும்? அன்று வீட்டுக்குப் போகும்போது நான் விசிலடித்தேன் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

பாய் முதல் இருபது பெட்டிகளுக்குப் புது கேஸை அடித்தார். விளக்கு சுற்றி வந்தது. ஒரு பெட்டியிலும் பச்சை இல்லை. கேஸ் அடிக்கும் குழாயில் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. பழைய கேஸ் காலத்தில் இப்படி நடந்ததே கிடையாது. எங்காவது ஒரு மூலையில் கொஞ்சமாவது பச்சை தெரியும்.

"தங்கமான கேஸு நைனா! ஒழுகவே ஒழுகாது" என்றார் விளக்குக்காரர். மேனேஜர் ஒரு பலகையில் ‘கசிவு இல்லை’ என்று பெயிண்டில் எழுதி மாட்டச் சொன்னார். எழுதியவர் தன் பங்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூ வரைந்துவிட்டார்.

சிலிண்டர் மட்டும் அந்தப் பலகையைப் படிக்கவில்லை. பெட்டிகளுக்குள் போனது நான்கு கிலோ. சிலிண்டரில் குறைந்தது ஐந்தரை. தராசின் மேல் சந்தேகப்பட்டு நானே அதன்மேல் ஏறி நின்றேன். டாக்டர் வீட்டுத் தராசில் எவ்வளவோ அதே எடைதான். அடுத்த இருபது பெட்டிகளுக்கும் அதே கதை, அதே ஒன்றரைக் கிலோ காணோம். எனக்கு இட்லி இறங்கவில்லை. போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"ஒழுகலைன்னு விளக்கு சொல்லுது. அப்ப கேஸுக்குக் கால் முளைச்சிருக்கு" என்றார் அவர். "யாரோட காலுன்னு பாக்கணும்."

பாயின் மச்சான் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இது யாருக்கோ ஞாபகம் வந்தது. அவ்வளவு போதும்.

"அவர் எடுக்க மாட்டாருங்க. இந்த ஷெட்டுக்குக் கூரை போடறதுக்கு முன்னாலேயே வேலைக்கு வந்தவர்" என்றேன்.

"குறையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"திங்கட்கிழமை டெல்லிக்காரங்க வர்றாங்க. கேஸ் போன வழியைச் சொல்லுங்க. இல்லேன்னா சனிக்கிழமையோட பாய் நின்னுக்கணும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டில் பாயை நிறுத்தினார்கள். வாட்ச்மேன் பட்டாளத்திலிருந்து வந்தவர். மீசைக்கு எண்ணெய் போடுகிறவர். பாயின் டிபன் கேரியரைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார்.

"இன்னா அண்ணாத்தே மோந்து பாக்கற? கத்திரிக்கா அது."

"கேஸு வாடை வருதான்னு பாக்கறேன்."

"கத்திரிக்கா துன்னா கேஸு வர்றது எனக்கு. டப்பாவுக்கு இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வாட்ச்மேனின் மீசை துடித்தது. அடுத்து அவர் பார்வை பாயின் சைக்கிளில் போய் விழுந்தது. குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"டயரு இன்னாத்துக்கு இப்டி கல்லு மாதிரி கீது?"

"இங்கேர்ந்து பூந்தமல்லி வரிக்கும் மிதிக்கிறேன். களி மாதிரியா வெச்சுக்குவாங்க?"

டயருக்குள் கேஸ் போகிறது என்று வாட்ச்மேன் முடிவு கட்டிவிட்டார். விளக்குக்காரரைக் கூட்டி வரச் சொன்னார். அவர் விளக்கும் கையுமாக வந்து, பாயின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். "மனசுல வெச்சுக்காத மாமே. வேலை இது" என்றார்.

"காட்டு, காட்டு. நல்லா காட்டு" என்றார் பாய்.

வாட்ச்மேன் முன் டயரின் வால்வைத் திருகினார். புஸ்ஸென்று வந்த காற்றில் குழாயைக் காட்டினார்கள். நீலம். பின் டயரிலும் நீலம். விளக்குக்காரர் துள்ளி எழுந்தார். "காத்துதான் சார்! வெறும் காத்து!"

எனக்கு மூச்சு வந்தது. பாய் மட்டும் தரையோடு தரையாகப் படுத்துவிட்ட தன் டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் சைக்கிள் கடை இருக்கிறது, நான் காற்றடித்துத் தரச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒப்பவில்லை.

"கடைக்காரனா எறக்குனான்? எறக்குனவரு அடிக்கட்டும். அதுவரிக்கும் வண்டி இங்கயே கெடக்கட்டும்." காலியான கேரியரை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். மேனேஜர் மட்டும் மசியவில்லை. டயரில் இல்லையென்றால் வேறு எதிலோ போகிறது என்றார்.

வீட்டில் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஆவடியில் பெண்கள் பள்ளியில் அவள் வேதியியல் டீச்சர். நான் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தேன்.

"டயரை விளக்குல காட்டினோம். பச்சை வரலை. பாய் எடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கறார்."

"பச்சை வராததால எடுக்கலைன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. "விளக்கே சொல்லுதுங்கறேன்!"

"அந்த விளக்குல செப்புத் தகடு இருக்குன்னு சொல்வீங்களே. எங்க லேப்ல பொண்ணுங்க செய்யறதுதான் அது. செப்புக் கம்பியைத் தீயில காட்டினா, குளோரின் இருந்தாப் பச்சை. உங்க புது கேஸுல குளோரின் இருக்கா?"

"இல்லை. அதுதானே அதோட பெருமையே! புளோரின்தான்."

"புளோரினுக்குப் பச்சை வராதுங்க. டயர் முழுக்கப் புது கேஸை அடைச்சு வெச்சிருந்தாலும் உங்க விளக்கு நீலமாத்தான் எரியும்."

"ஐயையோ. அப்ப பாய் எடுத்திருப்பாரா?"

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். ஐந்தாம் தடவையும் தப்பாக எழுதிய பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "டயரை விடுங்க. பெட்டியை யோசிங்க. நாற்பது பெட்டியில ஒண்ணுகூட ஒழுகலைன்னு உங்களுக்குச் சொன்னது யாரு?"

அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன்.

சனிக்கிழமை காலையில் ஷெட் திறந்ததும் விளக்குக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் வெளக்கு பொய் சொல்லாது சார்."

"பொய் சொல்லலை. இந்த கேஸ் அதுக்குத் தெரியலை."

புது சிலிண்டரின் வாயிலேயே குழாயை வைத்து வால்வை மயிரிழை திறந்தோம். நீலம். இன்னும் கொஞ்சம் திறந்தோம். அதே நீலம், அசையக்கூட இல்லை. பழைய கேஸ் சிலிண்டரிடம் கொண்டுபோனதும் தீ கிளிப்பச்சையாகப் பொங்கியது. விளக்குக்காரர் அதை அணைத்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். "நேத்து பாய் டயர்ல காட்டி, கேஸு இல்லன்னு கத்துனேனே சார்" என்றார். பிறகு, "நல்லவேளை, இருக்குன்னு கத்தல" என்றார். அந்தச் சோதனைக்குச் செலவான கேஸையும் நான் எடை போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை.

பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார், வேலை போகிற நாள் என்று தெரிந்தும் சலவைச் சட்டையில். நடந்ததைச் சொன்னோம். அவர் நேரே கேண்டீனுக்குப் போய்ச் சோப்புத் துண்டைக் கரைத்து ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கொண்டுவந்தார். விளக்கு வருவதற்கு முன்னால் ஷெட்டில் எல்லோரும் சோப்பு நுரையில்தான் கசிவு பார்த்தார்கள். விளக்கு வந்த பிறகு அது நாகரிகமில்லை என்று விட்டிருந்தோம். தான் கேஸ் அடிக்கும் குழாயின் இணைப்பில் முதலில் பாயே நுரையைத் தடவினார்.

பணியாரம் அளவுக்கு ஒரு குமிழி எழுந்தது. அது உடைவதற்குள் இன்னொன்று.

"வா மாமே வா, வந்து பாரு" என்று விளக்குக்காரரைக் கூப்பிட்டார். "என் மச்சான் கடை இங்கதான் கீது."

குழாயிலிருந்த வாஷர் பழைய கேஸுக்கு வாங்கிய ரப்பர். புது கேஸுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, சுருங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் மூக்குக்கு முன்னாலேயே போயிருக்கிறது. பெட்டிகளிலும் மூன்று ஒழுகின. வாஷரை மாற்றிவிட்டுப் பாய் ஐந்து பெட்டிகளுக்கு அடித்தார். நான் எடை பார்க்க, மேனேஜர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பெட்டிகளுக்குள் போனதும் சிலிண்டரில் குறைந்ததும் ஒன்றாக இருந்தன.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க வேலையைப் பாருங்க பாய்" என்றார். அவரிடமிருந்து வந்த மன்னிப்பு அவ்வளவுதான். பலகை மத்தியானத்துக்குள் சுவரிலிருந்து காணாமல் போய், ஈரத்துணி சுற்றிய மோர்ப் பானைக்கு மூடியாகிவிட்டது, பூக்களோடு.

திங்கட்கிழமை டெல்லிக்காரர்கள் வந்தார்கள். வீணானதை வீணானது என்றே சொன்னோம். இந்த கேஸுக்கென்று தனியாக மின்சாரக் கருவி இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். உதவியும் வந்தது. இப்போது பேப்பரில் படிக்கிறேன், அந்தப் புது கேஸ் ஓசோனைத் தின்னாதாம், ஆனால் பூமியைச் சூடாக்குமாம், அதையும் குறைக்க வேண்டுமாம். படித்ததிலிருந்து அந்த இரண்டு ஒன்றரைக் கிலோக்களும் எங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றனவோ என்று கவலையாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் கூட்டம் கூடியிருந்தது. பாய் வாட்ச்மேனின் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் சைக்கிள் கடையில் பம்ப் வாங்கிவந்து முன் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் போட்ட மீசையில் வியர்வை உருண்டது. டயர் நிமிர்ந்ததும் விளக்குக்காரர் பெயிண்ட் டப்பாவோடு வந்து வால்வில் நுரையைத் தடவினார்.

"அண்ணாத்தே, குமிழி வருது. எறக்கிட்டுத் திரும்ப அடி."

"நேத்து வரிக்கும் நல்லாத்தானே இருந்தது?" என்று இரைத்தார் வாட்ச்மேன்.

"நேத்து நீ தெறந்துட்டியே, அதான்" என்றார் பாய். வாட்ச்மேன் காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் பம்பை அமுக்க ஆரம்பித்தார். தலையைத் தூக்கிய பாய், கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். என் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"சார், சார்! புண்ணியமாப் போவும், எண்ணாதீங்க. நீங்க எண்ணுனா எதுனா ஒண்ணு கொறஞ்சிடுது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதுவரைக்கும் பம்ப் அடித்தது முப்பத்தொன்று.